ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து: சர்க்கரை நோயாளிகள் கவனிக்க!

நம் வீட்டுப் பெரியவர்களிடம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "சக்கரை மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பார்கள். அந்த ஒன்றுக்குள் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. கிளைகோமெட் ஜிபி, குளுகோநார்ம் ஜி, அமரில் எம் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பது அதே மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும்தான்.

பூவம் போன்ற எல்லை ஊர்களில் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு ஒரு பக்கம் காரைக்கால். நண்டலாற்றைத் தாண்டினால் பொறையார். இந்த மாதம் இங்கே ஒரு டாக்டர், அடுத்த மாதம் அங்கே வேறொருவர். அரசு மருத்துவமனையில் தனித்தனியாக வாங்கிய மாத்திரைகளும், தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரையும் ஒரே டப்பாவில் சேர்ந்துவிடுகின்றன. இரண்டையும் சாப்பிடுகிறவர் ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்குகிறார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் க்ளூக்கோவான்ஸில் கிளிபென்கிளமைடு இருக்கிறது. அது சர்க்கரையை நீண்ட நேரம் தாழ்த்தி வைக்கும், வயதானவர்களுக்கு ஆபத்து. எனவே எந்த டாக்டரிடம் போனாலும் சீட்டை மட்டுமல்ல, மாத்திரை அட்டைகளையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். மாத்திரையைப் போட்டுவிட்டு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்காக மதியம் இரண்டு மணிவரை காத்திருப்பது இதனால்தான் கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடவும் கூடாது.

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்ளிபோஸ் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தெளிந்த பிறகும் அன்று முழுவதும் கவனியுங்கள், மீண்டும் தாழலாம்.

ரமழானுக்கு ஓரிரு மாதம் முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஸஹர் வேளை மருந்தைக் குறைத்து, முக்கிய அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது வழக்கம். ஆனால் அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், நாமாக அல்ல. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டியதுதான். மஃரிபுக்கு அரை மணிதானே இருக்கிறது என்று தாக்குப்பிடிக்கிறவர்கள் உண்டு. நோயாளிக்கு அல்பகரா 184ஆம் வசனம் தந்த சலுகை அந்த அரை மணிக்கும் சேர்த்துத்தான்.

மெட்ஃபார்மினுக்கும் எச்சரிக்கை உண்டு. சிறுநீரக வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனவர்களுக்கு அது ஆகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கின்போதும், நரம்பில் மருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்கும் முன்பும் இந்த மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அட்டையில் எஸ்ஆர் என்றிருந்தால் உடைத்துப் பொடியாக்கக் கூடாது. பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பாதம் மரத்துப்போனால் அது சர்க்கரையால் மட்டும் வந்ததாக இருக்காது. பி12 குறைந்திருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.