தற்காப்பின் எல்லை: மன்னார் வரலாறு புகட்டும் பாடம்

அருவியாற்று நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்திற்குத் திருப்பிய முன்னோர் நீரின் வலிமையை அறிந்தவர்; அவ்வலிமைக்குக் கரை வேண்டும் என்பதையும் அறிந்தவர். மறத்திற்கும் அத்தகைய கரை உண்டோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

நிரை கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்த நிரையை மீட்டலைக் கரந்தை என்றும், மதிலை வளைத்தலை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் வேறு வேறு திணைகளாகப் பகுத்தது புறப்பொருள் வெண்பாமாலை. கவர்வோனையும் காப்போனையும் வேறு பிரித்தறிதல் தமிழர்க்குப் பழைய வழக்கேயாம்.

இவ்வேறுபாட்டை ஓர் அரசன் வாழ்விலேயே காணலாம். 1544ஆம் ஆண்டில், மன்னாரில் கத்தோலிக்க சமயந் தழுவிய மக்களை யாழ்ப்பாண வேந்தன் சங்கிலி கொல்வித்தான். மாண்டோர் ஏறத்தாழ 600 பேர் என்பது மரபு. வேந்தனின் அச்சம் வெற்றச்சமன்று. முத்துக்குளித்துறைப் பரதவர் மதம் மாறியதை அடுத்து, அக்கரையிற் போர்த்துக்கேயர் ஆதிக்கம் வேரூன்றியதை அவன் அறிவான். எனினும், மன்னாரில் மாண்டோர் படையெடுத்து வந்தவரல்லர். நாளை வரக்கூடிய தீங்கிற்கு அஞ்சி, இன்று தீங்கு செய்யாதாரைக் கொல்லுதல் தற்காப்பு ஆகாது.

1560இல் நிலைமை வேறு. போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி தலைநகரில் நின்று மடியாது பின்வாங்கினான், உடன்படிக்கைக்கும் இணங்கினான். பின்னர் மக்கள் கிளர்ந்தெழவே, பகைவர் குடாநாட்டை விட்டகன்றனர். வலியோன் முன் இடம்விட்டுக் காலம் பார்த்தல் மெலியோனின் தற்காப்பு முறையாகும். தன் மண்ணில் புகுந்த படையை எதிர்த்த அச்செயலை அறத்தின்பாற்பட்டது எனல் தகும்.

ஆயினும் முன்னைய பிழை வீண்போகவில்லை. 1544இன் கொலைகளுக்குத் தண்டனை என்பதும் அப்படையெடுப்பிற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றாம். யாழ்ப்பாணத்தை விட்டகன்றோர் மன்னாரைப் பற்றிக் கோட்டை அமைத்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசே வீழ்ந்தது. அளவிறந்த வன்மை பகைவனுக்கு நியாயம் தேடித் தந்தமை நோக்கத்தக்கது.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் உடலையும் உடைமையையும் காக்கும் உரிமையை ஏற்கின்றது. காத்தற்கு வேண்டிய அளவின் மேற்பட்ட தீங்கை அது ஏற்பதில்லை. சிலம்பம் பயிலும் இளைஞனுக்கும் செங்கோல் ஏந்தும் வேந்தனுக்கும் இவ்வளவுகோல் ஒன்றே. கரைக்குள் நின்ற நீர் வயலை வாழ்விக்கும். கரை கடந்த நீர் அவ்வயலையே அழிக்கும்.