குள்ளத்தாரா

உலகின் மிகச் சிறிய காட்டு வாத்துகளில் ஒன்று. உடல் நீளம் சுமார் 26 செ.மீ. 1789இல் இயற்கையியலாளர் க்மெலின் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்.

இனப்பெருக்கக் காலத்து ஆண் மிக அழகானது. முகம், கழுத்து, வயிறு வெள்ளை. உச்சந்தலையும் முதுகும் பச்சை மினுங்கும் கருமை. கழுத்தின் கீழ் கறுப்பு வளையம். பறக்கையில் இறக்கையில் வெண்பட்டை பளிச்சிடும். பெண் மங்கிய பழுப்பு. கண்ணை ஊடறுத்து மை தீட்டியதுபோல் ஒரு கோடு ஓடும்.  அலகு குட்டையானது, மற்ற வாத்துகளுடையதைவிடப் பெருந்தாராவினுடையதை அதிகம் ஒத்தது.

அல்லியும் தாமரையும் படர்ந்த நன்னீர்க் குளங்களே இதன் வீடு. நீர்த்தாவர விதைகள், தளிர்கள், பூச்சிகள் உணவு. கூடு தரையில் அல்ல, கரையோர முதுமரப் பொந்தில். குஞ்சுகள் பொரித்த சில நாட்களுக்குள் அங்கிருந்து கீழே குதித்துத் தண்ணீர் சேரும்.

பாகிஸ்தான், இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்காசியா வழியாக வடகிழக்கு ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளது. தமிழகத்தில், பாவூர்சத்திரம், கீழப்பாவூர் வட்டாரம் போன்ற குளத்துப் பாசனப் பகுதிகள் இதற்கு ஏற்ற நிலம். வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் பெருகியபின் தேடுவது நல்லது. இவ்வட்டாரம் அடங்கிய தாமிரபரணிப் படுகையின் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது.

உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. ஆனால் குளக்கரையின் பொந்துள்ள கிழட்டு மரத்தைப் பட்டுப்போனதென்று வெட்டினால் கூட்டிடம் போய்விடும். அதை விட்டுவைக்க வேண்டும்.