அலர் தூற்றிய திரை: ஜெனிகேமின் எழுச்சியும் முடிவும்

இணைய நேரலையின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பெயரோ அதை நிறுவிய ஆணின் பெயரோதான் பதிலாக வரும். நான் அதை ஒரு மாணவியின் விடுதி அறையிலிருந்து தொடங்குகிறேன். 1996 ஏப்ரலில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டிக்கின்சன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 19 வயது ஜெனிஃபர் ரிங்லி தன் அறையில் ஒரு சிறு கேமராவைப் பொருத்தினார். மூன்று நிமிடத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தானாகவே இணையத்தில் ஏறியது. அதற்கான நிரலை எழுதியவரும் அவரே. அந்தத் தளத்தின் பெயர் ஜெனிகேம்.

அதில் என்ன தெரிந்தது? பெரும்பாலான நேரம் ஒன்றுமில்லை. காலியான கட்டில், கணினி முன் குனிந்த தலை, தூங்கும் பெண். சில நேரங்களில் உடை மாற்றினார், காதலருடன் இருந்தார். எதற்காகவும் கேமராவை அணைக்கவில்லை. படிப்பு முடிந்து 1998இல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தபோது கேமராக்கள் கூடின. செலவை ஈடுகட்ட ஆண்டுக்கு 15 டாலர் சந்தா வைத்தார். சந்தாதாரர்களுக்குப் படம் அடிக்கடி மாறும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதே ஆண்டு டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் அழைக்கப்பட்டார். வார இறுதியில் தனியாக இருப்பவர்களுக்கு, அவரும் தனியாக உட்கார்ந்து துணி மடிப்பதைப் பார்ப்பது ஒரு துணை.

நடிக்காமல் இருப்பதுதான் ஜெனிகேமின் வணிகப் பெயராக இருந்தது. சிக்கலும் அங்கேதான். நடிக்காத பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், அவர் தங்கள் விருப்பப்படி நடிக்காமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஆரம்ப நாட்களிலேயே இது வெளிப்பட்டது. ஆடை களையும் காட்சிகளைச் சில காலம் அவரே செய்திருக்கிறார். ஒரு ஹேக்கர் கூட்டம் அவரைச் சீண்டியது. அவர் பதில் பேசியதும் தளத்தை உடைத்துக் கொலை மிரட்டல் விடுத்தது. அவர் அந்தக் காட்சிகளை நிறுத்தினார். கேமராவை நிறுத்தவில்லை.

பெரிய முறிவு 2000இல் வந்தது. அவர் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். அவரைப் போலவே கேமரா வைத்திருந்த ஒரு தோழியின் துணைவருக்கும் இவருக்கும் உறவு ஏற்பட்டது. அதையும் கேமரா காட்டியது. அதுவரை அவரது ஒளிவின்மையைக் கொண்டாடியவர்களில் பலர் அந்த ஒளிவின்மையின் மீதே காறித் துப்பினார்கள். நாளிதழில் அவரது ஒழுக்கத்தை விசாரித்துக் கட்டுரை வந்தது. உறவு இருவருடையது என்றாலும் வசை பெரும்பாலும் ஒருத்திக்கே போய்ச் சேர்ந்தது. தோழிக்கு நேர்ந்த வலி உண்மையானது. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் தீர்ப்புச் சொன்னவர்கள் அந்தத் தோழியின் உறவினர்கள் அல்லர், 15 டாலர் கட்டியவர்கள்.

அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது அம்பலையும் அலரையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பேசுவது அலர். களவில் இருக்கும் தலைவியைச் சுற்றி ஊர்ப் பெண்களின் வாய் ஓயாது. ஆனால் அந்த மரபு தலைவிக்கு இரண்டு பாதுகாப்புகளைத் தந்திருந்தது. ஒன்று, அகத்தில் எவருடைய இயற்பெயரையும் சுட்டக் கூடாது என்ற தொல்காப்பிய விதி. மற்றொன்று, அலரைக் காட்டியே வரைவுக்கு வழி தேடும் தோழி. ஜெனிஃபருக்கு இரண்டும் இல்லை. அவர் பெயரே தளத்தின் முகவரி. தோழியின் இடத்தில் இருந்தவரோ இந்தக் கதையில் காயப்பட்டவர். ஊர் மட்டும் எல்லை கடந்து பெருகியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் சந்தா கட்டிவிட்டு வாய் திறந்தது.

சரிவுக்கு அலர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கேமராக்கள் மலிந்து, இத்தகைய தளங்கள் பெருகின. 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘பிக் பிரதர்’ அடுத்த ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. அடுத்தவர் வீட்டைப் பார்க்கும் ஆசையை இப்போது பெரிய நிறுவனங்கள் அரங்கம் கட்டி விற்றன. நின்று நின்று மாறும் படங்களுக்கு யார் காத்திருப்பார்கள்? கடைசி அடி பணப்பாதையில் விழுந்தது. நிர்வாணத்துக்கு எதிரான பேபால் நிறுவனத்தின் கொள்கையே தளம் மூடப்படக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2003 டிசம்பர் 31 அன்று, ஏழு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் ஓடிய ஜெனிகேம் நின்றது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கதையை வைத்துப் பார்க்க வேண்டும். 2007இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு தன் வாழ்க்கையை ஒளிபரப்பினார். பொய்ப் புகார் கொடுத்து அவர் வீட்டுக்குப் போலீசை வரவழைத்தவர்களும் இருந்தார்கள். சீண்டல் அவருக்கும் இருந்தது. சில மாதங்களில் அவரும் தன் ஒளிபரப்பை நிறுத்தினார். ஆனால் அவருக்குப் பின்னால் கூட்டாளிகளும் முதலீடும் இருந்தன. அவர்களுடைய ஜஸ்டின்.டிவியிலிருந்து 2011இல் ட்விட்ச் பிறந்தது. 2014இல் அமேசான் அதை 97 கோடி டாலருக்கு வாங்கியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே அதே சோதனையைத் தனியாகச் செய்த பெண்ணின் கதையில் எஞ்சியது சந்தாக் கணக்கும் ஒழுக்க விசாரணையும்தான். ஜஸ்டின் நிறுத்தியதைத் தொழிலின் அடுத்த படி என்கிறோம். ஜெனிஃபர் நிறுத்தியதை வீழ்ச்சி என்கிறோம்.

நான் அதை வீழ்ச்சி என்று எழுத மாட்டேன். ரசிகர் கூட்டம் கலைந்தது, பெயரின் சந்தை மதிப்பு போனது, இவை உண்மை. ஆனால் அவர் தன் வாழ்க்கைக்குப் போனார். 2014இல் ஒரு பாட்காஸ்ட் நேர்காணலில் பேசியதைப் போன்ற அரிய தருணங்கள் தவிர, பொதுவெளியிலிருந்து விலகியே இருந்தார். பார்க்கப்படுவதற்கு இசைந்த பெண்ணுக்கு, அந்த இசைவைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. அதை அவர் பயன்படுத்தினார்.

இன்று என் மாணவிகளில் சிலர் சமையலுக்கோ பாட்டுக்கோ புத்தகப் பேச்சுக்கோ சேனல் தொடங்குகிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்கிறேன். பணம் யார் கை வழியாக வருகிறது? பார்ப்பவர்கள் எதை வாங்கியதாக நினைக்கிறார்கள், உன் வேலையையா, உன்னையா? அணைக்கும் பொத்தான் யாரிடம் இருக்கிறது? முதல் இரண்டு கேள்விகளில் ஜெனிஃபர் ரிங்லி தோற்கடிக்கப்பட்டார். மூன்றாவதற்கான பதிலை அவர் கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தார்.