கம்பவுண்டர் முதல் கால்நடை ஆய்வாளர் வரை

சென்னை மாகாணத்தில் கால்நடைத் துறை 1892இல் தொடங்கியது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் 20 மாணவர்களோடு திறக்கப்பட்டது. 1989இல் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. 2012இல் நெல்லை இராமையன்பட்டிக்கும் ஒரு கல்லூரி வந்தது. விழா மலர்களில் இந்த வரிசை தவறாமல் இடம்பெறும். மாட்டாஸ்பத்திரியில் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்றவர்களின் வரலாற்றைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஊரார் 'கம்பவுண்டர்' என்று கூப்பிட்ட அவர்களே இன்று கால்நடை ஆய்வாளர்கள், பராமரிப்பு உதவியாளர்கள்.

அவர்கள் செய்த வேலைக்குப் பெரிய சாட்சி, மாடுகளை வாட்டிய வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஒழிந்தது. 1954இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் தொழுவம் தொழுவமாக ஏறி இறங்கி ஊசி போட்ட கைகளில் பெரும்பாலானவை பட்டம் பெறாத கைகள். 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் அந்நோயிலிருந்து விடுபட்டன. பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகை விட்டே ஒழிந்த நோய் இதுதான்.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இவர்களுக்கு ஓர் எல்லை வகுத்தது. தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற முதலுதவிகளை, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். நோயைக் கணித்து வைத்தியம் பார்ப்பது மருத்துவர் பொறுப்பு. எங்கே கையை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதும் பயிற்சியின் பாடமே.

ஆய்வாளர் பயிற்சிக் காலம் 11 மாதம். அதில் கை பழக நாளாகும் வேலை சினை ஊசி. நைட்ரஜன் கேனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் உறைவிந்துக் குச்சியை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விந்து கெடும். உறை போட்ட இடது கை ஆசனவாய் வழியே கருப்பைக் கழுத்தைப் பிடித்திருக்க, வலது கை குச்சி பொருத்திய குழலைச் செலுத்தும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல்தான் கண். காலையில் சினைக்குக் கத்திய மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தியதற்கு மறுநாள் காலை என்ற கணக்கும் மனப்பாடமாக வேண்டும்.

2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமான தென்காசி இந்தப் பயிற்சிக்கு வாய்த்த களம். ஆனியில் குற்றாலச் சாரல் பிடித்தால் சேற்றில் நிற்கும் மாடுகளுக்குக் குளம்பு அழுகும். ஐப்பசி மழைக்குப் பிறகு சங்கரன்கோவில் கரிசல் பக்கத்துச் செம்மறிக் கிடைகளில் நீலநாக்கு நோயைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் புளியரைச் சோதனைச் சாவடியில் கோழி, வாத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பி, மற்ற வண்டிகளின் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி அடிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி வேறு. மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ச்சி குறையாமல் தொழுவம்வரை கொண்டுபோக வேண்டும், மாட்டின் காதில் 12 இலக்க அடையாள வில்லை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு பருவமழை, ஒரு மாநில எல்லை, மலையடிவாரம், கரிசல் என இத்தனையும் ஒரே மாவட்டத்தில் 11 மாதத்துக்குள் பார்த்துவிடலாம். எனவே பண்ணைப் பயிற்சியில் ஒரு பகுதியை இங்குள்ள கால்நடைக் கிளை நிலையங்களுக்கு மாற்றுவது பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கும் நல்லது, மாடு வளர்ப்போருக்கும் நல்லது. துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதே நாம் வைக்கும் கோரிக்கை.