நெல்லே காசா இருந்த தெரு

நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க தெருவுல மாசச் சம்பளம் வாங்கினவங்க ரெண்டே பேர். ஒருத்தர் வாத்தியார், இன்னொருத்தர் தபால்காரர். மத்த வீடு எல்லாம் எப்படி ஓடுச்சுன்னு நீங்க கேக்கலாம். நெல்லாலதான். நெல்லை வித்து வந்த காசாலன்னு நினைச்சுக்காதீங்க, நெல்லே காசு. கிட்டத்தட்ட 1980 வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்க ஊரு மன்னார்குடிக்குத் தெற்கே. அப்போ தஞ்சாவூர் ஜில்லா, 1997ல திருவாரூர் மாவட்டத்துக்குப் போனோம். 1934ல மேட்டூர் அணை வந்ததுக்கு அப்புறம் ஜூன் 12 தண்ணி தொறப்புன்னு ஒரு கணக்கு உண்டாச்சு. அதை நம்பி குறுவை, அதுக்குப் பின்னாடி தாளடி. தண்ணி பிந்தினா ஒருபோகமா சம்பா. கல்யாணம், காதுகுத்து, கடன் தவணை எல்லாத்துக்கும் "அறுப்பு முடிஞ்சு பாத்துக்கலாம்"தான் பதில்.

முதல்ல அளவைச் சொல்லிடறேன், இல்லேன்னா மத்தது புரியாது. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால், குறுணின்னும் சொல்லுவாங்க. ரெண்டு மரக்கால் ஒரு பதக்கு, பன்னெண்டு மரக்கால் ஒரு கலம், ரெண்டு கலம் ஒரு மூட்டை. கலம் ஏறக்குறைய 29 கிலோ வரும். மெட்ரிக் அளவுக்குச் சட்டம் 1956லயே வந்துடுச்சு. பள்ளிக்கூடத்துல எங்களுக்கு கிலோவும் லிட்டரும்தான் சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்தா மரக்கால். அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. "லாபம்"னு ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு போவாங்க.

களத்துல கண்டுமுதல் ஆனதும் நெல்லு நேரா வீட்டுக்கு வந்துடாது. பொலியைக் குவிச்சு, யாரும் கை வைக்காம இருக்க சாணிப்பால்ல குறி போட்டு வச்சிருப்பாங்க. குறி கலைச்ச உடனே ஊர்த் தொழிலாளிங்க வந்து நிப்பாங்க. கலப்பை செதுக்கின ஆசாரி, கொழு அடிச்சுக் குடுத்த கொல்லர், துணி வெளுத்தவர், முடி வெட்டினவர், காவல்காரர், மடை பாத்தவர். அவங்களுக்கு அளக்கற நெல்லுக்குப் பேரு என்ன தெரியுமா? சுதந்திரம். அவங்க உரிமைன்னு அர்த்தம். பேரு அழகாத்தான் இருக்கு. ஆனா எவ்வளவுன்னு முடிவு பண்றது களத்துக்காரர். வருஷம் பூரா நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உழைச்ச மனுஷன், அன்னைக்குத் துண்டை விரிச்சுக்கிட்டு நிக்கணும். விளைச்சல் சாவியாப் போன வருஷம் அந்தத் துண்டுலயும் கருக்காய்தான் விழும்.

மிச்சம் வீட்டுக்கு வரும். பெரிய வீட்டுல மரப் பத்தாயம் இருந்தது. எங்க மாதிரி வீட்டுல மண் குதிர். குயவர் உறை உறையா செஞ்சு குடுப்பார். அதை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, மண்ணும் சாணியும் வச்சு பூசிடணும். அடியில ஒரு வாய் இருக்கும், வைக்கோல் அடைச்சிருக்கும். நெல்லு குதிருக்குள்ள போயிட்டா அப்பாவுக்கு அதுல சொல்லு கிடையாது. எங்க அப்பாயிதான் எல்லாம். உரக்கடை பாக்கிக்கு ரெண்டு மூட்டை வேணும்னா அப்பா வாசல்ல நின்னு இருமுவார். கிழவி காதுல வாங்காத மாதிரி கொஞ்ச நேரம் உக்காந்திருக்கும். அப்புறம் "எவ்வளவு?"ன்னு ஒரு கேள்வி. விளக்கு வச்ச பிறகு யார் கேட்டாலும் வாயைத் தொறக்காது. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

தெருவுல வாங்கறது எல்லாம் அந்தக் குதிர் வாயிலேர்ந்துதான். வேதாரண்யத்து உப்பு மாட்டு வண்டியில வரும், நெல்லுக்கு உப்பு. முத்துப்பேட்டைப் பக்கத்துலேர்ந்து மீன்காரம்மா தலையில கூடை சுமந்து வருவாங்க, நெல்லுக்கு மீன். பானை, முறம், கோலமாவு, வளையல், ஈயம் பூசறது, எல்லாமே நெல்லு. எங்களுக்கு குச்சி ஐஸ். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டா டவுசர் பையில நெல்லை அள்ளிக்கிட்டு ஓடுவோம். ஐஸ்காரர் கையால அள்ளிப் பாத்தே அளவு சொல்லுவார். பதர் கலந்து கொண்டு போனா வாயால ஊதிப் பாத்துட்டு ஐஸை உள்ளயே வச்சுப்பார்.

எங்க அம்மாவோட கணக்கு தனி. சிறுவாடு. தூத்தும்போது ஒதுங்கினது, களத்துல கூட்டி அள்ளினது, அவிச்சுக் காயப்போட்ட இடத்துல சிதறினது, எல்லாத்தையும் சேத்து அடுப்படி மூலையில ஒரு பானையில போட்டு வைக்கும். ஒரு மரக்கால், ரெண்டு மரக்கால்னு அரிசிக்காரம்மாகிட்ட போடும். அப்பாவுக்குத் தெரியும், கேக்க மாட்டார். அந்தப் பானைதான் எனக்குப் பத்தாவது பரிச்சைப் பீஸ் கட்டுச்சு, எங்க அக்கா காதுல தோடு போட்டுச்சு.

1977 நவம்பர்ல நாகப்பட்டினம் பக்கம் கரையேறின புயல்ல எங்க தெருவுல ஓடு இருந்த வீட்டை விரல் விட்டு எண்ணலாம். கூரை எல்லாம் போயிடுச்சு. ரோட்டுல தென்னை விழுந்து கிடந்ததால ரேஷன் கடைக்கு ஒண்ணும் வரலை. எங்க குதிர் நனையாம தப்பிச்சது. அப்பாயி தெருவுக்கே அளந்து குடுத்துச்சு. இதை எங்க வீட்டுப் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தோம். ஆனா தையில அறுத்ததும் கலத்துக்கு ரெண்டு மரக்கால் கூட வச்சு அதையெல்லாம் திரும்ப வாங்கினதும் அதே கிழவிதான். ரெண்டையும் சேத்துதான் எழுதணும்.

இந்த மாதிரி எழுதினா "ஆகா, என்ன அருமையான காலம்"னு சிலர் சொல்லுவீங்க. அதுக்காகத்தான் மரக்காலைப் பத்தியும் சொல்றேன்.

எங்க தாத்தா காலத்துல எட்டு ஏக்கர் நிலம். பங்கு பிரிஞ்சு பிரிஞ்சு எனக்கு வந்தது ரெண்டே முக்கால். எட்டு ஏக்கரும் இருந்தப்போ வீட்டுல ரெண்டு மரக்கால் இருந்ததுன்னு அப்பாயியே என்கிட்ட சொல்லியிருக்கு. ஒண்ணு முத்திரை போட்டது, குத்தகை நெல்லு வாங்கறதுக்கு. இன்னொண்ணுக்கு அடித்தட்டு கொஞ்சம் மேல தூக்கி அடிச்சிருக்கும், வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது. அது கீழத்தெரு ஆளுங்களுக்குக் கூலி அளக்க. வாங்கும்போது கூம்பா குவிச்சு வாங்கறது, குடுக்கும்போது தலை தட்டிக் குடுக்கறது. அதுக்கு மேல இந்த அடித்தட்டு வேற. எங்க வீட்டுல மட்டும் இல்லை, ஊருக்கு ஊரு இருந்த வழக்கம். 1940கள்ல பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில விவசாயத் தொழிலாளிங்களைச் சேத்துச் சங்கம் கட்டினப்போ, சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாதுங்கறதோட முத்திரை மரக்கால்ல கூலி அளக்கணும்னும் கேட்டாங்க. அடிக்கு நிகரா அந்த அளவைச் சேத்து கேட்டிருக்காங்கன்னா, எவ்வளவு வயித்துல அடிச்சிருக்கணும்னு பாத்துக்கங்க. 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுக்கு அப்புறமும் கூலித் தகராறு ஓயலை. 1968 டிசம்பர் 25ல கீழ்வெண்மணியில 44 பேரை எரிச்சது வரைக்கும் போச்சு. மறு வருஷம் நியாயக் கூலிச் சட்டம் போட்டாங்க. நான் பொறந்த வருஷம் அது.

இந்த ஏற்பாடு மாறினது ஒரே நாள்ல இல்லை. 1972ல நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்து, கொள்முதல் நிலையம் பக்கத்துலயே தொறந்தாங்க. தராசு வந்தது. நெல்லு களத்துலேர்ந்து நேரா அங்க போக ஆரம்பிச்சது, காசு அப்பா கைக்கு வந்தது. கூலியும் கொஞ்சம் கொஞ்சமா நோட்டாச்சு. கீழத்தெருவுல எல்லாருக்கும் அது பிடிச்சதுன்னு சொல்ல முடியாது. அரிசி விலை ஏறின வருஷம் அறுப்புக் கூலியை நெல்லாவே குடுங்கன்னுதான் கேட்டாங்க, விவரம் தெரிஞ்சவங்க. ஆனா யாரும் துண்டை விரிச்சுக்கிட்டு நிக்கறதில்லைங்கறது பெரிய விஷயம். ஆசாரி இப்போ மன்னார்குடியில கடை வச்சிருக்கார், வேலைக்கு விலை அவர் சொல்றதுதான்.

நட்டம் யாருக்குன்னா எங்க அம்மா மாதிரி ஆளுக்குத்தான். அறுவடை மெஷின் வந்து வயல்லயே நெல்லைக் கொட்டுது, 40 கிலோ சாக்குல கட்டி அப்படியே லாரி ஏறுது. சிதறுறதுக்கு நெல்லு இல்லை, கூட்டி அள்ளக் களம் இல்லை. அரிசி கடையில. பணம் அப்பா பேர்ல பேங்குல. குதிரை ஆளும் அதிகாரம் எங்க அப்பாயியோட போச்சு. அம்மாவுக்கு வயசான காலத்துல மகளிர் குழு வந்தது, மாசச் சந்தா 20 ரூபாய் கட்டுச்சு. அதைக் கடைசி வரைக்கும் சிறுவாடுன்னுதான் சொல்லும்.

வீட்டை மாத்திக் கட்டினப்போ குதிரை உடைச்சு மண்ணைக் கொல்லையில கொட்டினோம். முத்திரை மரக்கால் எங்க வீட்டுலயே இருக்கு, கல்யாணத்துக்கு நெல்லு நிரப்பி வைக்கறோம். இன்னொண்ணை எங்க அக்கா மகன் சென்னைக்கு எடுத்துட்டுப் போயி, பாலிஷ் போட்டு ஹால்ல கண்ணாடி அலமாரியில வச்சிருக்கான். வர்றவங்க எல்லாம் போட்டோ எடுக்கறாங்களாம். ஒரு தடவை அரிசியைக் கொட்டி அளந்து பாருடான்னு சொல்லியிருக்கேன்.