முரளிக்கு முந்தின இரண்டு பேர்

வன்னியில கிரிக்கெட் கதை தொடங்கினால் முரளியிலதான் போய் நிற்கும். எங்களுக்கு அவருக்கு முந்தின இரண்டு தமிழரைப் பற்றியும் கதைக்க விருப்பம்: வினோதன் ஜோன், ஸ்ரீதரன் ஜெகநாதன்.

1982இல் இனவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்கு விளையாடப் போன 14 இலங்கை வீரர்களுக்கு 25 வருடத் தடை விழுந்தது. ஆள் குறைந்த அணி 1983 மார்ச்சில் நியூசிலாந்து போனபோது, இவர்கள் இரண்டு பேரும் அதில இருந்தார்கள். வெலிங்டனில் ஜோன் 60 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். மொத்தமாக 6 டெஸ்ட், 28 விக்கெட், சராசரி 22க்கும் கீழே. 1984 லோர்ட்ஸோடு அவரது டெஸ்ட் முடிந்துவிட்டது. இந்தக் கணக்கு எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஜெகநாதன் பாவம், 2 டெஸ்டிலும் ஒரு விக்கெட்டும் இல்லை.

அவர்கள் நியூசிலாந்தில் ஆடி நாலு மாதத்தில் கறுப்பு யூலை.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். பற்றரிக்குத் தடை இருந்த வன்னியில் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட காலம் அது. ஆர் வெண்டால் சந்தோசப்படுறது எண்டு தெரியாமலே சுத்தினவையும் இருந்திருப்பினம்.

இரண்டு மாதத்தில், மே 14, ஜெகநாதன் 44 வயதில் கொழும்பில் இறந்தார். இலங்கை டெஸ்ட் வீரர்களில் முதலில் இறந்தவர் அவர்தான். அந்தச் செய்தியைக் கேட்டதாக எங்கட ஊரில் இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.