கூடாப்பு

சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் மன்னார்குடிப் பக்கம் வருவார்கள். பகலில் அறுத்த தாளில் மேய்ச்சல், ராத்திரி எருவுக்காக யாராவது ஒருவர் வயலில் கிடை. கூலி அந்தக் காலத்தில் நெல், பின்னாளில் பணம். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பார் அப்பா.

அவர்களுக்கு வீடு கூடாப்புதான். மூங்கில் சிம்பை வளைத்துப் பனையோலை வேய்ந்து, கூடையைக் கவிழ்த்தாற்போல இருக்கும். கிடை மாறினால் அதுவும் கூடவே போகும்.

சித்திரையில் மேற்கே கருக்கினால் கீதாரி புளியமரத்தடியை விட்டு விலகுவார். இடி மரத்தைத் தேடும். மந்தையைத் திடலுக்கு ஏற்றி, கூடாப்பின் வாசலைக் காற்றுக்கு முதுகாகத் திருப்பி, நாலு பக்கமும் முளையடித்துக் கயிற்றை இறுக்குவார். சுற்றிலும் மண்வெட்டியால் ஒரு வாய்க்கால். "ஆத்தா, குட்டிகள மொதல்ல உள்ள போடு, சட்டிபானை நனஞ்சா நனையட்டும்" என்று மகளிடம் சொல்வார். பெரிய ஆடுகள் மழையில்தான் நிற்கும். இடி விழுந்து ஆடு செத்தால் நஷ்டம் அவருடையது. கிடை போட்ட மிராசுதாருக்கு அதில் பங்கில்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டதில்லை.

மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு, ஜூன் 12 தண்ணீர் திறக்கும் நாள் என்பது வழக்கமாயிற்று. அதற்குள் கீதாரிகள் கிளம்பியாக வேண்டும். பம்புசெட் பெருகி, கோடையிலும் நடவு வந்தபின் மேய்ச்சல் நிலமே சுருங்கிவிட்டது. கூடாப்பிலும் ஓலைக்குப் பதில் இப்போது தார்ப்பாய். லேசுதான், ஆனால் காற்றில் முதலில் கிழிவதும் அதுதான்.